வெளியான நேரம்: காலை ஒன்பது நாற்பது

நான் பதினாறு ஆண்டுகள் ஒரு செய்தித்தளத்தில் வேலை பார்த்தேன். வாசகர் கண்ணில் படும்படி அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. நான் எழுதியதெல்லாம் பக்கத்துக்குப் பின்னால் இருந்தது. அதைப் படித்தவை இயந்திரங்கள்.

ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம், என் நாற்காலியில் இப்போது உட்காரும் தேன்மொழி போன் செய்தாள். புதிதாக வந்திருக்கும் சாஃப்ட்வேர், செய்தியை ஏற்றியவுடன் இயந்திரங்கள் படிக்கும் அந்தக் குறிகளை எல்லாம் தானே போட்டுவிடுகிறதாம். “அப்ப நீங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னதாங்க்கா பண்ணுவீங்க?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொந்த ஊர் கடலூர் முதுநகர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்ததும், சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு தீசிஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் சேர்ந்தேன். மண், மீன், பூச்சி என்று எதுவும் புரியாமல் எல்லாவற்றையும் தப்பில்லாமல் அடிக்கப் பழகியது அங்கேதான். அப்புறம் கடலூரில் ஒரு நாளிதழில் பக்கம் அமைக்கும் வேலை. நாளிதழ் இணையதளம் தொடங்கியபோது, அதற்கான அறையை வாடகை குறைவு என்று சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாடியில் பிடித்தார்கள். ஊர் பழகியவள் என்பதால் என்னை அங்கே அனுப்பினார்கள். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. காலை பாசஞ்சரில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாளராக வந்தவர் நூர்ஜஹான். பரங்கிப்பேட்டைப் பெண். இருபத்தேழு வயது. என் மேலதிகாரி, ஆனால் என்னை அக்கா என்பார். நான் அவரை மேடம் என்பேன். இரண்டு பேரும் கடைசிவரை இதை மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் நாள் அவர் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். முதல் தாளில் ஏதோ ஒரு நாட்டுச் செய்தி. சுருள் சுருளான எழுத்து, ஒன்றும் தெரியவில்லை. “இதுல தலைப்பு எது, எழுதினவங்க யாரு, எப்ப வந்தது, சொல்லுங்கக்கா,” என்றார். மொழி தெரியாவிட்டாலும் சொல்லிவிட்டேன். பெரிய எழுத்தில் இருப்பது தலைப்பு. அதன் கீழே சாய்வாக இருப்பது பெயர். எண்கள் இருப்பது தேதி. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இரண்டாவது தாளில் அதே செய்தி. ஆனால் எல்லா எழுத்தும் ஒரே அளவு, வரி பிரிக்காமல் ஒரே ஓட்டமாக இருந்தது. என்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

“இப்ப நீங்கதான் மெஷின்,” என்றார்.

பிறகு பேனாவை எடுத்து, அந்தக் குழப்பத்துக்குள் ஐந்து இடங்களில் சிறிய குறிகள் போட்டார். இங்கே தொடங்கி இங்கே முடிவது தலைப்பு. இது எழுதியவர். இது முதலில் வெளியான நேரம். இது கடைசியாகத் திருத்திய நேரம். இது இந்தச் செய்தியின் நிலையான இணைய முகவரி. தாளை மறுபடி என் பக்கம் திருப்பினார். மொழி இன்னும் தெரியாதுதான். ஆனால் எது என்ன என்பது வெளிச்சம் போட்டதுபோல் தெரிந்தது. இவ்வளவு நாள் நான் புரியாமல் அடித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான பக்கங்கள் நினைவுக்கு வந்தன.

எங்கள் தளத்தை நேரே திறந்து படிப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள், பல ஊர்ச் செய்திகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் தளங்களிலும் ஆப்களிலும் படிப்பவர்கள். அவற்றைத் திரட்டிகள் என்போம். திரட்டிகளுக்குக் கண் கிடையாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து அவற்றுக்குத் தெரியாது. உலகம் முழுக்க எல்லோரும் ஒத்துக்கொண்ட சில குறிகளை நாமும் போட்டால், அவை நம் செய்தியைப் பிரித்து அறிந்துகொள்ளும். அந்த ஒழுங்குக்கு மைக்ரோஃபார்மேட் என்று பெயர். வரும் ஒவ்வொரு செய்தியையும் அந்த ஒழுங்குக்குள் பொருத்துவதுதான் என் வேலை.

நூர்ஜஹான் மூன்று கட்டளைகளை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். வெளியான நேரத்தை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. எழுத்துப் பிழையைச் சரிசெய்தால் திருத்திய நேரத்தைத் தொடக் கூடாது, பொருள் மாறினால் கட்டாயம் தொட வேண்டும். முகவரி ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

முதல் மாதமே ஒரு வேடிக்கை நடந்தது. நேரத்தை எழுதும்போது, அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும். நம்முடையது கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டல். சிதம்பரத்தில் தேர் புறப்பட்ட செய்தியைக் காலை பத்து மணிக்கு ஏற்றியபோது நான் அந்த ஐந்தரையைப் போட மறந்ததால் அது கிரீன்விச் பத்து மணியாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: எனக்கு இங்கே மதியம் ஒரு மணி, உங்கள் செய்தியில் மாலை ஆறு மணி என்று இருக்கிறதே, நடக்கப்போவதை எழுதுகிறீர்களா? நான் தெருவிலிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே அடித்த நேரத்தை, அத்தனை தூரத்தில் ஒருவர் உட்கார்ந்து தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். திட்டு வாங்கப்போகிறோம் என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது. நூர்ஜஹான் திட்டவில்லை. அடுத்தவர் கீபோர்டை அவர் தொடவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் திருத்தி முடிக்கும்வரை நின்றார்.

அவருடைய பழக்கம் அது. தப்பு நடந்தால் “ஏன்?” என்று ஒருமுறை கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைவிடத் திட்டு எவ்வளவோ மேல் என்று அறையில் எல்லோரும் சொல்வோம்.

சில ஆண்டுகள் கழித்து அவர் பிரசவ விடுப்பில் ஆறு மாதம் போனார். பொறுப்பு என்னிடம் இருந்தது. அப்போதுதான் தளத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள். அந்த வேலையை எடுத்தவர்கள், ஒவ்வொரு செய்தியின் முகவரியிலும் தலைப்பே வருகிற மாதிரி வைக்கிறோம், பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். சுவரில் அட்டை மாட்டியபடியே இருந்தது. தலைப்பைத் திருத்தினால் முகவரியும் கூடவே மாறிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நூர்ஜஹான் திரும்பி வந்தபோது வேலை மலையாய்க் குவிந்து கிடந்தது. அவர் இதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓர் ஆண்டுக்கு மேல் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு பேர் மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கோபமாக இருந்தார். பின்னால் வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றார். அவர் பெயர் குணசேகரன், பெண்ணாடம் பக்கம். பள்ளி வேன் டிரைவர். கோபமாக வந்தவர் அவருடைய மச்சான்.

குணசேகரன் ஓட்டிய வேன் ஒரு நாள் காலை வாய்க்காலில் கவிழ்ந்திருக்கிறது. ஆறு குழந்தைகளுக்குக் காயம், ஒரு குழந்தைக்குக் கால் முறிவு. அவருக்கும் தோள்பட்டை விலகியிருந்தது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று அங்கே கூடியிருந்தவர்களில் யாரோ சொன்னதை எங்கள் நிருபர் போனில் சொல்ல, “குடிபோதையில் வேன் ஓட்டிய டிரைவர்” என்று செய்தி போட்டுவிட்டோம், பெயரோடும் படத்தோடும். மூன்று வாரம் கழித்து உண்மை தெரிந்தது. ரத்தத்தில் மது இல்லை. ஸ்டீயரிங் ராடு உடைந்திருந்தது. நாளிதழில் திருத்தம் வெளியிட்டோம். தளத்திலும் தலைப்பையும் செய்தியையும் மாற்றினோம். மாற்றி ஏற்றியது நான்தான். எங்களைப் பொறுத்தவரை அது அன்றோடு முடிந்த விஷயம்.

அவருக்கு முடியவில்லை. கரும்பு லாரிக்கு, காலேஜ் பஸ்ஸுக்கு என்று நான்கு இடங்களில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு முதலாளியும் அவர் எதிரிலேயே போனை எடுத்துப் பெயரை அடித்துப் பார்ப்பார். பழைய தலைப்பும் படமும் வரும். நாளிதழில் வந்த திருத்தத்தை வெட்டி பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அதைக் காட்டினால், அவர்கள் ஒருமுறை தாளைப் பார்ப்பார்கள், ஒருமுறை போனைப் பார்ப்பார்கள். அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். மச்சான் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு திரட்டியில் எங்கள் பெயரோடு பழைய செய்தி. அடுத்த திரட்டியிலும் அதே. ஏழெட்டு இடங்களில் அப்படியே இருந்தது.

நூர்ஜஹான் பழைய செய்தியையும் புதிய செய்தியையும் பின்பக்கக் குறிகளோடு அச்செடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அக்கா, இந்த அட்ரஸ் ஏன் மாறிச்சு?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. தலைப்பைத் திருத்தியதும் முகவரி மாறிவிட்டது. முகவரி மாறினால் திரட்டிக்கு அது வேறொரு செய்தி. பழையதைத் திருத்து என்று நாங்கள் யாருக்கும் சொல்லவே இல்லை. புதிதாக ஒன்றை அனுப்பியிருக்கிறோம், அவ்வளவுதான். பழையது அத்தனை இடங்களிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

“நான்தான் மேடம். நீங்க லீவுல இருந்தப்ப நான்தான் ஒத்துக்கிட்டேன்,” என்றேன். அந்த இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். சொல்லும்போது குணசேகரனைப் பார்க்க முடியவில்லை.

நூர்ஜஹான் தலையை ஆட்டினார், நோட்டில் குறித்துக்கொண்டார். அதற்குமேல் அன்றும் அதைப்பற்றிப் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மச்சான், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், இந்த ஆள் பெயரே எங்கேயும் இருக்கக் கூடாது என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அதுவரை பேசாமல் இருந்த குணசேகரன் மேஜையருகே வந்து, அச்செடுத்த தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். இடது கையால் எடுத்தார். குறிகளுக்கு நடுவே இருந்த எண்களைக் காட்டி இது என்ன என்றார். செய்தி முதலில் வெளியான நேரம் என்றேன். வாசகர் பார்க்கும் பக்கத்தில் தேதி மட்டும்தான் தெரியும். பின்னால் மணி, நிமிடம்வரை இருக்கும் என்று விளக்கினேன்.

“ஒம்பது நாப்பதா?”

“ஆமாங்க.”

அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. நிதானமாகப் பேசினார்.

“எனக்கு ரத்தம் எடுத்ததே பதினோரு மணிக்கு மேலதான் மேடம். ஆஸ்பத்திரி சீட்டுல டைம் போட்டுருக்காங்க. ஒம்பது நாப்பதுக்கு நான் வாய்க்கால்ல இருந்து கடைசிப் புள்ளைய தூக்கி வுட்டுட்டு ரோட்டோரம் உக்காந்துனு இருந்தேன்.”

அவர் தாளை நூர்ஜஹான் பக்கம் நீட்டினார்.

“அழிக்காதீங்க,” என்றார். “அழிச்சா காசு குடுத்து அழிச்சிட்டான்னு சொல்லுவாங்க. அதே எடத்துல, தப்பா போட்டோம்னு எழுதுங்க. இந்த டைமை மட்டும் மாத்தாதீங்க.”

நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். அவர் கண் சுவரில் இருந்த அட்டைமேல் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் படித்தவர்கள் கூடிப் பேசி வகுத்த விதி அது. அதை நாங்கள் விதி என்பதால் பின்பற்றிவந்தோம். ஏன் அப்படி வகுத்தார்கள் என்பதை, அந்த விதியைக் கேள்விப்பட்டே இராத ஒரு வேன் டிரைவர் ஒரு தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இத்தனை ஆண்டுகளில் என்னை அவ்வளவு ஆச்சரியப்படுத்திய நொடி வேறு இல்லை.

வேலையைத் தொடங்கினோம். பழைய முகவரியை மறுபடி உயிர்ப்பித்து, திருத்திய செய்தியை அந்த முகவரிக்கே கொண்டுவந்தேன். புதிய முகவரிக்கு வருபவர்களும் அங்கேயே போகும்படி வழி மாற்றினேன். தலைப்பு: “வேன் விபத்து: டிரைவர் மது அருந்தவில்லை, எங்கள் செய்தி தவறு.” கடலூர் அலுவலகத்தில் ஆசிரியர், கடைசி மூன்று சொற்கள் தேவையா என்று போனில் கேட்டார். தேவை சார் என்று மட்டும் நூர்ஜஹான் சொன்னார். செய்தியின் முதல் பத்தியில், பரிசோதனை நடப்பதற்கு முன்பே நாங்கள் அப்படி எழுதிவிட்டோம் என்று சேர்த்தோம். வெளியான நேரம், காலை ஒன்பது நாற்பது, அதைத் தொடவில்லை. வாசகர் பக்கத்திலும் அந்த மணி தெரியும்படி வைத்தோம். திருத்திய நேரத்தில் அன்றைய மதியத்தைப் போட்டேன். ஐந்தரை கூட்டலைச் சேர்த்திருக்கிறேனா என்று மூன்று தடவை பார்த்தேன். பிறகு திரட்டிகள் வந்து எடுத்துப்போகும் ஃபீடில் அதை முதல் வரிசையில் வைத்தேன்.

அப்புறம் காத்திருப்பதுதான். அவர்கள் இருவரும் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மச்சானின் போனில் முதலாவது மாறியது. அதே இடம், அதே படம், தலைப்பு மட்டும் வேறு. மச்சான் நம்பாமல் மூடித் திறந்து பார்த்தார். மூன்று மணிக்குள் இன்னும் நான்கு. அவற்றில் ஒன்று எந்த நாட்டுத் தளம் என்றே தெரியவில்லை. மேலேயும் கீழேயும் எங்களில் யாருக்கும் தெரியாத எழுத்து. நடுவில் தமிழில், டிரைவர் மது அருந்தவில்லை. அதை அங்கே வைத்தது ஒரு மனிதர் இல்லை. தமிழும் அதற்குத் தெரியாது. குணசேகரன் யார் என்றும் தெரியாது. இருந்தாலும் சொன்னதைக் கேட்டுப் பழையதை எடுத்துவிட்டு, சரியானதை அதே இடத்தில் வைத்துவிட்டது. குணசேகரன் போனை வாங்கி, அந்தத் தலைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

எல்லாம் மாறிவிடவில்லை. இரண்டு தளங்களுக்கு நான் பல தடவை கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு தளம் எங்கள் செய்தியை முகவரியே இல்லாமல் நகலெடுத்துப் போட்டிருந்தது; அதைக் கடைசிவரை மாற்ற முடியவில்லை. அதை நூர்ஜஹான் அவரிடம் மறைக்காமல் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார்.

ஒரு மாதத்துக்குள் குணசேகரன் எனக்குப் போன் செய்தார். கரும்பு லாரி ஓட்டுகிறாராம். முதலாளி வழக்கம்போல் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறார். இந்த முறை முழுவதையும் படித்திருக்கிறார். ஒன்பது நாற்பதுக்கே எப்படி எழுதினார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “நான் ஒண்ணும் சொல்லல மேடம். அவரே சாவிய எடுத்துக் குடுத்தாரு,” என்றார்.

ஆனால் எனக்கு அது முடிவாகவில்லை. நான் ஒத்துக்கொண்ட அந்த அமைப்பில், தலைப்பு மாறிய செய்திகள் வேறு எத்தனை? ஒவ்வொன்றாகத் தேடினேன். எழுத்துப் பிழை திருத்தியவற்றை ஒதுக்கினால் நாற்பத்தொன்று இருந்தன. நாற்பத்தொன்றிலும் ஒரு மனிதரின் பெயர் தப்பாகவோ அவசரமாகவோ வந்திருந்தது. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பழைய முகவரிக்குக் கொண்டுவந்தேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு நாமே சொல்ல வேண்டும் என்றார் நூர்ஜஹான். முகவரியை அப்படி வைத்தது நான், அதனால் நானே பேசுகிறேன் என்றேன்.

போன் செய்வது திருத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சிலர் திட்டினார்கள். சிலருக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியவில்லை. ஒரு நர்ஸ் சிரித்துவிட்டு, இதற்காகவா போன் செய்தீர்கள் என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

பட்டியலில் கடைசிப் பெயர் தெய்வசிகாமணி, பண்ருட்டி. ரேஷன் கடையில் வேலை பார்த்தவர். அரிசி பதுக்கியதாகச் செய்தி போட்டிருந்தோம். விசாரணையில் அவர்மேல் குற்றம் இல்லை என்று வந்தது. போனை ஒரு பெண் எடுத்தார். அவருடைய மகள். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எதற்காக அழைத்தேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.

“இப்ப தேடினா மாறி இருக்குமா?” என்று கேட்டார்.

இருக்கும் என்றேன்.

போனை வைத்துவிடாதீர்கள் என்றார். அவர் நகர்ந்துபோகும் சத்தமும், இன்னொரு போனில் எழுத்துகளைத் தட்டும் சத்தமும் கேட்டன. பிறகு படித்தார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

“பண்ருட்டி ரேஷன் கடை ஊழியர் தெய்வசிகாமணி மீது குற்றம் இல்லை.”

“இருங்க மேடம்,” என்றார். “அம்மா பின்னால இருக்காங்க. கூப்புடறேன்.”

நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். கதவு திறந்தது. யாரோ மெதுவாக நடந்து வந்தார்கள். அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாகப் படித்தார்.